மாம்பலத்திலிருந்து மயிலாப்பூருக்கு, காது குத்த

“…படுத்துக்கிட்டு இருந்த வரைக்கும் சரின்னு இருந்தேன். தவழ்ந்தப்பவும் வாயைத் திறக்கல. இப்ப நடக்க ஆரம்பிச்சிடுச்சு. அம்மாவுக்கும் கண்ணு தெரியாது, அப்பாவுக்கும் கண்ணு தெரியாது. எப்படிம்மா விட்டுட்டுப் போறது? காது குத்தி முடிச்ச கையோட திண்டிவனத்துக்கு நான் தூக்கிட்டுப் போயிடறேன். பள்ளிக்கூடம் சேக்குற வயசுல கொண்டாந்து விடறேன்,” என்று பழனி சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேற்கு மாம்பலத்தில் அவருடைய தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் சென்னைப் பயணம் இந்தப் பேச்சுக்கு நடுவில்தான் தொடங்கியது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “அனிதா மேடம் வந்தாச்சா? கூட யாரு?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தக் குரலோடு எனக்கு ஆறு மாதப் பழக்கம். முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் ஒட்டன்சத்திரம். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த காலத்தில், கடைக்காரர் மதியம் தூங்கும் நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் நானாகவே தமிழ் தட்டச்சு பழகினேன். அனிதா சென்னையில் சமூகப் பணி படித்து, அதிலேயே ஆராய்ச்சி செய்கிற பெண். பெற்றோருக்கு ஊனம் இருக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள், அந்தக் குடும்பத்துக்கு யார் கைகொடுக்கிறார்கள், யார் கையை உதறுகிறார்கள் என்பதுதான் அவள் கேட்டுத் திரிகிற கேள்வி. வீடு வீடாகப் போய்ப் பேச்சைப் பதிவு செய்வாள். எனக்கு அனுப்புவாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டித் திருப்பி அனுப்புவேன்.

அந்தக் குரல்களில் என்னை ஆட்டிவைத்த குரல் இந்த வீட்டுக் கலாவுடையது, பழனியின் தங்கை. “இருட்டுன்னா என்னான்னு என்னைக் கேட்டா எனக்கு எப்படிங்க தெரியும்? கரண்ட்டு போனா ஃபேன் நிக்கும், அது தெரியும்,” என்று ஒரு பதிவில் சொல்லியிருந்தார். அதைத் தட்டிவிட்டு நான் பத்து நிமிடம் சிரித்தேன். அப்புறம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். காய்கறி கமிஷன் மண்டியில் கணக்குப் பார்க்கிற என் வீட்டுக்காரர்கூட இப்போது கரண்ட் போனால் “கலாம்மா ஃபேன் நின்னுருச்சு” என்கிறார். “அவ்வளவு ஆசையா இருந்தா வந்து பாருங்கக்கா” என்று அனிதா கூப்பிட்டதும், மறு வாரமே திண்டுக்கல்லில் ராத்திரி ரயில் ஏறிவிட்டேன். நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஸ்லீப்பரில் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். எழும்பூர் வரை போக வேண்டாம், மாம்பலத்திலேயே வண்டி நிற்கும் என்று பக்கத்து பெர்த் அம்மா சொன்னார். அவர் சொன்ன பேச்சைக் கேட்டு ஐந்து மணிக்கே எழுந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்தே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை சென்னை!

ஒரு விஷயம். ஆராய்ச்சியில் பேசியவர்களின் உண்மைப் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது அனிதாவின் தொழில் ஒழுங்கு. எழுதலாம் என்று எல்லோரும் சம்மதம் சொன்ன பிறகு, அவரவர் பெயரை அவரவரே வைத்துக்கொண்டார்கள். அண்ணன்காரர், “எனக்கு பழனின்னு போடுங்க. என்கூடப் படிச்சதுல அவன்தான் பாக்க நல்லா இருப்பான்,” என்றார். இந்த மனிதரைக் கெட்டவராக எழுத எனக்குக் கை வராது.

காலை எட்டரை மணி. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வாசலில் இரண்டு படி. கலாவின் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே மின்சார ரயிலில் சீப்பு, ஊக்கு, கார்டு உறை விற்கப் போய்விட்டார். ஒன்றேகால் வயது யாழினி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நெற்றியில் சின்ன வடு. போன மாதம் வாசல்படியில் உருண்டு மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் யாரோ திண்டிவனத்துக்கு போன் போட்டுவிட்டார்கள். பழனி வந்த காரணம் அந்த வடுதான். காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும் என்பது அவர் வருவதற்கு ஒரு சாக்கு. அவர் கொண்டுவந்த பெரிய பை காலியாக மூலையில் கிடந்தது. குழந்தை துணிமணிக்கு.

“அம்மா அழுவுதுடா கலா. ராத்திரியெல்லாம் தூங்கல,” என்றார் பழனி.

“எனக்கு மட்டும் பயம் இல்லைன்னா சொன்னேன்?” என்றார் கலா. காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. “பயந்துக்கினேதான் வளக்குறேன். ஆனா எம்புள்ளைய நான்தான் வளப்பேன்.”

“அடுத்த தடவ கண்ணுல கிண்ணுல பட்டுச்சின்னா?”

கலா டம்ளரை என் பக்கம் நீட்டி, “சர்க்கரை போதுமாக்கா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

அறையில் ஒரு நொடி சத்தமே இல்லை. “தலையாட்டுறீங்களா?” என்று கலா சிரித்தார். “பரவால்ல, எல்லாரும் மொதல் நாள் ஆட்டுவாங்க.” ஆறு மாதம் அவர் பேச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தவள் நான்! நாக்கைக் கடித்துக்கொண்டு, “போதும், போதும், நல்லா இருக்கு,” என்று தேவைக்கு மேல் கத்தினேன்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அனிதா என் காதில் வேலை முறையைச் சொல்லித்தந்தாள். இந்த ஆராய்ச்சியில் ஒரு நாள், அவர்கள் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே நடக்க வேண்டும். “நாம கூடப் போறோம்கா, கூட்டிட்டுப் போகல. வழி சொல்லக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, அவங்களா கேட்டா ஒழிய. ஆபத்துன்னா மட்டும் பாயலாம்.” பழனிக்கு இது புரியவே இல்லை. “படிச்ச பொண்ணுங்க ரெண்டு பேரு சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றீங்களே, ஆளுக்கொரு கை புடிச்சா என்னம்மா?” என்று வழியெல்லாம் கேட்டார். என்னையும் படித்த பொண்ணு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு தடவை வந்து இதில் நடந்து பாருங்கள். கீழே ரங்கநாதன் தெரு. மனிதர்களை நெல் மாதிரிக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தரையே தெரியவில்லை. பாத்திரக்கடை, புடவைக்கடை, பத்து ரூபாய்க்கு க்ளிப் கூவுகிறவன், எல்லாச் சத்தமும் ஆவி மாதிரி மேலே எழும்பி வருகிறது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கலாவும் நின்றார்.

“எப்படி கீதுக்கா?” என்று கேட்டார். சென்னைக்கு வாழ்க்கைப்பட்டுப் பத்து வருஷம். கொஞ்சம் கொஞ்சமாக ‘கீது’ ஏறிக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். நெல், ஆவி, எல்லாம். கேட்டுவிட்டு, “அப்ப நான் கேக்குறதும் அதேதான்,” என்றார். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வெள்ளைக் கோலைத் தட்டித் தட்டி முன்னால் போனார். பழனி ஒரு கையை அவருக்குப் பின்னால் நீட்டியபடியே நடந்தார், விழப்போகிற பானையைத் தாங்குகிறவர் மாதிரி. பாலம் முடிகிற வரை அந்தக் கை இறங்கவே இல்லை.

தி.நகரில் 5B பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கண்டக்டர் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துத் தருகிறார். “மாமா, நீ மட்டும்தான் துட்டு. பத்து ரூபா எடு,” என்றார் பழனியைப் பார்த்து. “ஆம்பளையாப் பொறந்தது தப்பாப் போச்சு,” என்று பழனி சட்டைப்பையைத் தடவினார். வண்டியே சிரித்தது. மயிலாப்பூர் குளம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். தேனாம்பேட்டை சிக்னலில் மட்டும் அந்த ஐந்து கிலோமீட்டருக்கும் சேர்த்து நின்றோம்.

நான் கலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதிவுகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு எண்ணம், இவர் வாசனையை வைத்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார் என்று. “இப்ப எங்கே வந்திருக்கோம்?” என்று ஆவலோடு கேட்டேன்.

“எனக்கு எப்படிக்கா தெரியும்? கண்டக்டரைக் கேளுங்க,” என்றார் கலா. “நான் என்ன போலீஸ் நாயா?”

பின் சீட்டில் அனிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்தே முக்கால் மணி வாக்கில் குளத்தங்கரையில் இறங்கினோம். குளத்துத் தண்ணீரையும் அதற்கு அப்பால் கோபுரத்தையும் நான் பார்க்கத் தொடங்குவதற்குள் அது நடந்துவிட்டது.

மாட வீதியில் குழந்தையை இறக்கி நடக்கவிட்டிருந்தார் கலா. வலது கையில் கோல், இடது கைச் சுட்டுவிரலை யாழினி பிடித்திருந்தாள். பூக்கடைகள் தாண்டி ஒருவன் சோப்புக் குமிழி ஊதி விற்றுக்கொண்டிருந்தான். எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, மெதுவாகத்தான் வந்தது. பழனி பாய்ந்து குழந்தையைத் தூக்கினார். தூக்கியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தைக்குக் குமிழியைக் காட்டலாமே என்று அப்படியே பத்தடி தள்ளிப் போய்விட்டார்.

கலாவின் விரல் காலியாகிவிட்டது.

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கோலைக் கீழே விட்டார். குனிந்து இரண்டு கையாலும் காற்றைத் துழாவினார். “பாப்பா? பாப்பா!” ஆபத்து என்றால் பாயலாம் என்றாளே, இது ஆபத்தா இல்லையா என்று தெரியாமல் நானும் அனிதாவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அதற்குள் கலா நிமிர்ந்து, கடைவீதியே திரும்பும்படி ஒரு குரல் கொடுத்தார்.

“ஓய்!”

குமிழிகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது. “ஓய்!”

யாழினி. மாமன் தோளில் நெளிந்து, முழு உடம்பையும் அம்மா பக்கம் திருப்பி, கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு “ஓய்!”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதிவுகளில் இந்த ‘ஓய்’ எத்தனை தடவை வந்திருக்கிறது! கலா பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு ‘ஓய்’ போடுவார், எங்கிருந்தோ ஒரு மழலை ‘ஓய்’ திரும்பி வரும். ஏதோ கொஞ்சல் விளையாட்டு என்று நினைத்து அடைப்புக்குறிக்குள் ‘குழந்தை சத்தம்’ என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அது அவர்கள் வீட்டுக் காவல். அம்மா கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் குரல் கொடுக்க வேண்டும். ‘அம்மா’ என்பதற்கு முன்னால் அந்தக் குழந்தை கற்றுக்கொண்ட சொல் அதுதான்.

கலா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தார். பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கோலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பழனியைப் பிடித்துக்கொண்டார். “இன்னாய்யா ஆளு நீ? கொயந்தய தூக்கிக்கினு போறவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிக்கினு தூக்க மாட்ட? அது பதறிக்கினு கீது பாரு.”

“நான் மாமனும்மா!”

“மாமனா இரு, யாரு வேணான்னா? வாயில இன்னா கொழுக்கட்டயா?”

கலா குழந்தையை வாங்கி மார்போடு அழுத்திக்கொண்டார். “ஸ்கூட்டர் வந்துச்சு கலா, அதான்…” என்று பழனி இழுத்தார். “சொல்லிட்டுத் தூக்குண்ணா. அவ்ளோதான். சொல்லிட்டு நீ எங்க வேணாத் தூக்கிட்டுப் போ,” என்றார் கலா. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது போல, உதட்டைக் கடித்துக்கொண்டார். திண்டிவனம் வண்டி எல்லோர் நினைவிலும் இருந்தது. காது குத்துகிற நகைக்கடைக்கு நடந்தோம்.

நகைக்கடை, கடை என்று சொல்ல முடியாத அளவு சின்னது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். நான் வெளியே நின்றேன். ஆசாரி பேனாவால் இரண்டு காதிலும் புள்ளி வைத்தார். பழனி சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைத் தட்டி, “தூக்குறேன்!” என்று கடை அதிர ஒரு சத்தம் போட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். ஆசாரியே திடுக்கிட்டார்.

“குத்துறதுக்கு முன்னாடி சொல்லுங்க,” என்றார் கலா.

“எதுக்கும்மா?”

“நானும் கண்ணை மூடிக்கறேன். என்னால பாக்க முடியாது.”

ஆசாரி முழித்தார். பழனிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காது முடிந்தது. யாழினி மூச்சைப் பிடித்தாள், முகம் சிவந்தது, பிறகு மாட வீதி நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற மாதிரி ஒரு அலறல். அது அடங்குவதற்குள் இன்னொரு காது.

“எங்கடா வலிக்குது? மாமாகிட்ட காட்டு. எங்கடா?” என்று பழனி பதறினார். அவருக்கும் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை அவரைப் பார்க்கவில்லை. காற்றில் எட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் ஒரு விரலைப் பிரித்து எடுத்தாள். அதைக் கொண்டுபோய் இடது காதின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். மறுபடி அதே விரலை இழுத்து வலது காதுக்குக் கொண்டுபோனாள். கலா விரல் பட்ட இடத்தில் குனிந்து, ஊதி ஊதி விட்டார். அழுகை மெல்ல விக்கலாகியது.

பழனி இதையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் பசங்க இந்த வயசுல கையை நீட்டிக் காட்டுவானுங்க,” என்றார், யாரிடம் என்று இல்லாமல். “இது நீட்டவே இல்ல பாரு. கையைப் புடிச்சு வைக்குது.”

“வீட்ல எல்லாமே அப்படித்தாண்ணா. தண்ணி வேணும்னா என் கையைக் கொண்டாந்து டம்ளர்ல வைக்கும்.”

ஆசாரிக்கு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நின்றபடியே காப்பி குடித்தோம், ஒரு டம்ளர் இருபது ரூபாய், மேலே நுரை அரை விரல். பாதி குடித்துவிட்டுப் பழனி சொன்னார்: “எங்ககூட மூணு வருஷம் இருந்தா இது கையை நீட்டக் கத்துக்கும்.”

“ஆமா,” என்றார் கலா.

“அப்புறம் உங்கிட்ட வந்து, எதையாவது கேட்டு நீட்டிக்கிட்டே நிக்கும். நீ பாட்டுக்கு உக்காந்திருப்ப.”

கலா டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“நான் மட்டும் போறேன்டா,” என்றார் பழனி. “ஆனா அந்த வாசல்படிக்கு ஒரு கதவு போடணும், இடுப்பு உயரத்துக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை தச்சு ஆசாரியைக் கூட்டிட்டு வரேன். அதுல நீ வாய் பேசக் கூடாது.”

“போடுண்ணா. நானே கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு அவ உருண்டப்ப நான் ரெண்டடி தள்ளித்தான் இருந்தேன்.” கலாவின் குரல் அங்கே உடைந்தது. ஆறு மாதப் பதிவில் ஒரு தடவைகூட நான் கேட்காத குரல் அது. அனிதா தன் கையிலிருந்த ரெக்கார்டரை அணைத்து, பைக்குள் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊரிலும் உதவிக்கு ஆள் உண்டு. கேட்பதற்கு முன்பே பத்துப் பேர் வந்து நிற்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்கிறவர் அந்தப் பத்தில் எத்தனை பேர் என்று காப்பி நுரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். நானும் அந்தப் பத்தில் ஒருத்திதான். ஆனால் அன்றைக்கு மனசு யோசனையில் நிற்கவில்லை, துள்ளிக்கொண்டிருந்தது. பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கி, ஒன்றைக் கலாவுக்கும் ஒன்றை அனிதாவுக்கும் வைத்துவிட்டேன். “மாமனுக்கு இல்லயா?” என்று அந்த அம்மா பழனியை இன்னொரு வாரு வாரினார்.

பன்னிரண்டரைக்கு 5B வந்தது. நாங்கள் மாம்பலம் திரும்புகிறோம், பழனி அங்கிருந்தே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்த் திண்டிவனம் வண்டி பிடிக்க வேண்டும். வண்டியில் கூட்டம். ஏறுகிற தள்ளுமுள்ளில் கலா இரண்டு சுற்றுச் சுழன்றுவிட்டார். ஒரு பெரியவர் எழுந்து டிரைவர் பக்க வரிசையில், ரோட்டைப் பார்த்த ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். பழனி இந்தப் பக்கம், நடைபாதையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கலா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்க ஜன்னல் வழியாக, நடுரோட்டைப் பார்த்து, “வரேண்ணா! அம்மாவை அழாம இருக்கச் சொல்லு!” என்று கையை ஆட்டினார். அங்கே ஒரு தண்ணீர் லாரியும் இரண்டு ஆட்டோவும்தான் நின்றன.

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பழனி நடைபாதையிலிருந்து இறங்கிவிட்டார். வண்டியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடினார். டிரைவர் பிரேக்கை மிதித்து, தலையை வெளியே நீட்டி, “யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?” என்று கத்தினார். பழனி காதில் வாங்கவில்லை. லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிப் புகுந்து, தங்கை கையாட்டிக்கொண்டிருந்த ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்று, மூச்சு வாங்க, தானும் கையைத் தூக்கி ஆட்டத் தொடங்கினார்.